பழைய சிஸ்டத்துக்குப் பொருந்தும் ஹார்ட் டிஸ்க்

“தம்பி, ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வேணும்.”

“எத்தனை ஜிபி அண்ணாச்சி?”

திருநெல்வேலி சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் கடை வாசலில் பேச்சு இப்படித்தான் தொடங்கும். கடைக்காரர் கேட்பதில் தவறில்லை. ஆனால் பழைய கணினி வைத்திருப்பவருக்கு ஜிபி என்பது கடைசியில் வரவேண்டிய கேள்வி. டிஸ்க்கைச் செருகும் வாய் எந்த வகை, அது உட்காரும் இடம் எவ்வளவு தடிமனைத் தாங்கும், எவ்வளவு கொள்ளளவு வரை அந்த மதர்போர்டுக்குத் தெரியும், எந்த ஓஎஸ் அதில் ஓடப்போகிறது என்பதெல்லாம் அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் எந்தக் கடையிலும் வேலை சீக்கிரம் முடியும். எழுதாமல் போனால், வாங்கியதை மாற்றிக்கொள்ள அம்பாசமுத்திரத்திலிருந்து மறுபடி பஸ் ஏற வேண்டிவரும்.

தாமிரபரணிக் கரையோர ஊர்களில் பழைய கணினிகள் இன்னும் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அச்சகங்களில் எக்ஸ்பியில் ஓடும் பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கல்யாணப் பத்திரிகைகள். அரிசி ஆலைகளில் பல வருடத்துக் கணக்கு. எடைமேடையில் சீரியல் போர்ட் வழியே எடைக் கருவியோடு பேசும் பெட்டி. ஸ்டூடியோவில் ஊர்க் கல்யாணங்கள் எல்லாம் அடங்கிய சிஸ்டம். புதிது வாங்கினால் அந்த மென்பொருள் ஓடாது, அந்த போர்ட் இருக்காது. இவை தவிர, பல வீடுகளில் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கிறது. தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வழியாக வாங்கிப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்தின் முதல் கணினியாக அது வந்து சேர்ந்த வீடுகள் ஏராளம். அக்கா படித்து முடித்து, தம்பி படித்து முடித்து, இப்போது தங்கையின் மகள் அதில் வரைந்து பார்க்கிறாள் என்றால், அந்த லேப்டாப்பின் டிஸ்க் தேய்ந்திருப்பதில் வியப்பில்லை. சிறு செலவில் சரியாகக்கூடிய ஒன்றை எடைக்குப் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

முதலில், போனது டிஸ்க்தானா?

சிஸ்டம் எழும்பவில்லை என்றதும் ஹார்ட் டிஸ்க் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் மேலுள்ள வட்ட பேட்டரி, சிஆர்2032 என்று எழுதியிருக்கும், அது தீர்ந்துபோனால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் இதுதான் அறிகுறி. தேதியோடு இன்னொன்றையும் அது மறக்கிறது: டிஸ்க்கை இணைக்கும் சாட்டா எந்த முறையில் இயங்க வேண்டும் என்பதை. ஐடிஇ முறையில் போட்டிருந்த விண்டோஸ், பயாஸ் ஏஹெச்சிஐ முறைக்கு மாறியதும் நீலத் திரை காட்டி நின்றுவிடும். டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது. சில பத்து ரூபாய் பேட்டரியை மாற்றி, பயாஸில் பழைய முறையைத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது.

அடுத்தது கேபிள். சாட்டா கேபிள் மலிவு. வேறொன்று மாட்டிப் பாருங்கள். விண்டோஸ் ஒருவழியாக எழும்புகிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பைப் படிக்கலாம். அதில் சி7 என்ற வரி, அதாவது சிஆர்சி பிழை எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள் அல்லது செருகும் இடம்தான் காரணம். 05, சி5, சி6 ஆகிய வரிகளில் எண் ஏறினால் குறை டிஸ்க்கின் பரப்பிலேயே இருக்கிறது. சி5 என்பது படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் கணக்கு. அது பூஜ்யமாக இல்லாவிட்டால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள்.

டக், டக் என்று தாளம் போட்டதுபோல் சத்தம் கேட்டால் பெரும்பாலும் உள்ளே தலைப்பகுதி பழுது. ஆனாலும் முடிவுகட்டுவதற்கு முன், பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். மேசைக் கணினியின் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட் கம்பியிலிருந்து 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பத்து வருடத்து எஸ்எம்பிஎஸ் அதைக் கொடுக்க முடியாமல் தடுமாறினால் நல்ல டிஸ்க்கும் இதே சத்தத்தைப் போடும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே விட்டுவிட்டுப் புது டிஸ்க் மாட்டினால் அதுவும் கெடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மழைக்குப் பிறகு கெட்டுப்போய் வரும் சிஸ்டங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது

டிஸ்க்கின் விலை தெரியும். உள்ளே இருப்பதற்கு விலை கிடையாது. எனவே கடைக்குப் போகும் முன் உள்ளதைக் காப்பாற்றும் வழியைப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி-சாட்டா கேபிளோ கேஸோ வாங்கி, டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். ஃபோல்டர்கள் தெரிந்தால் ஈடு செய்ய முடியாதவற்றை முதலில் நகலெடுங்கள்: கணக்கு, ஆவணம், புகைப்படம். பாட்டும் படமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய கணினியின் யுஎஸ்பி 2.0 வழியே 300 ஜிபி நகலாக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கரண்ட் போகாமல் யுபிஎஸ்ஸில் வையுங்கள்.

நகலெடுக்கும்போது பாதியில் நின்று நின்று போனால், திரும்பத் திரும்ப முயலாதீர்கள். பழுதான பரப்பை மீண்டும் மீண்டும் படிக்கச் சொல்வது அதைச் சீக்கிரம் சாகடிக்கும். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவி இருக்கிறது. அது நன்றாகப் படிக்கும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும். எதுவரை எடுத்தது என்பதைக் குறித்தும் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் கேட்கும் “பார்மட் பண்ணட்டுமா?” என்ற கேள்விக்கு மட்டும் எந்த நிலையிலும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை மீறியது. திருநெல்வேலி சந்திப்பில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. தரையில் இருந்த சிபியு பெட்டிகள் சேற்றுத் தண்ணீரில் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் வெயிலில் காயவைத்து சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதுதான் பலருக்கும் தோன்றும். ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை அதுதான் கடைசி அடி. மூடி இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக அதில் ஒரு சிறு சுவாசத் துளை உண்டு. மூடிமேல் “இந்தத் துளையை மூடாதே” என்று எழுதியிருப்பது அதற்காகத்தான். தண்ணீர் அந்த வழியே உள்ளே போகும். தண்ணீர் காய்ந்தாலும் அதிலிருந்த வண்டல் தட்டில் ஒட்டிக்கொள்ளும். தட்டுக்கும் படிக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனோடு ஒப்பிடவே முடியாத அளவு நுண்ணியது. தட்டு சுழன்றதும் வண்டல் பரப்பைச் சுரண்டிவிடும்.

மூழ்கிய டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, தரவு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செலவு பெரிது; உள்ளே இருப்பது அந்தச் செலவுக்குத் தகுமா என்பதை உரியவர்தான் முடிவுசெய்ய வேண்டும். “அதே மாடல் டிஸ்க்கின் அடி போர்டை எடுத்து மாட்டினால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால், அது இருபது வருடத்துக்கு முந்தைய டிஸ்க்குகளுக்குப் பொருந்திய வைத்தியம். பிறகு வந்தவற்றில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிறு சிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் பலன் கிடைக்காது.

வாயும் தடிமனும்

பெட்டியைத் திறந்து கேபிளைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு அங்குல அகலத்தில் நாடாபோல் தட்டையாக இருந்தால் ஐடிஇ. கட்டைவிரல் அகலம்கூட இல்லாமல், நுனியில் எல் வடிவ வாயோடு இருந்தால் சாட்டா. சாட்டா 2003 வாக்கில் வந்தது. இன்டெல் 845 சிப்செட் போர்டுகளில் பெரும்பாலும் ஐடிஇ மட்டும்தான். 865 போர்டுகளில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். ஜி31, ஜி41, எச்61 என்று பிறகு வந்தவற்றில் சாட்டாவைத் தேடவே வேண்டாம், கண்முன் இருக்கும்.

சாட்டாவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று தலைமுறை உண்டு, நொடிக்கு 1.5, 3, 6 கிகாபிட். புது டிஸ்க்கைப் பழைய போர்டில் மாட்டினால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். விதிவிலக்கு சில வியா, சிஸ் சிப்செட் போர்டுகள். விடி8237 என்ற சிப் உள்ள போர்டு, 3 கிகாபிட் டிஸ்க்கோடு வேகத்தைப் பேசி முடிக்கத் தெரியாமல் டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிடும். 2005, 2006 காலத்து மலிவு போர்டுகளில் இதைப் பார்க்கலாம். பழைய டிஸ்க்குகள் பலவற்றில் 1.5க்குக் கட்டிப்போட ஒரு ஜம்பர் இருக்கும். ஜம்பர் இல்லாத புது டிஸ்க்கோ, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியோ இந்த போர்டுகளில் சூதாட்டம்தான். ஒரு பிசிஐ சாட்டா கார்டு வாங்கிச் செருகுவது நிம்மதி.

ஐடிஇ மட்டும் உள்ள பெட்டிக்குப் புது ஐடிஇ டிஸ்க் தேடாதீர்கள். அதன் உற்பத்தி நின்று பத்தாண்டுக்கு மேலாகிறது. “புதுசு” என்று கிடைப்பது பெரும்பாலும் துடைத்து வைத்த பழசு. ஐடிஇ-சாட்டா மாற்றி போர்டு ஒன்றை வாங்கி, சிறிய சாட்டா எஸ்எஸ்டியை அதில் செருகுவது நல்ல வழி. மாஸ்டர் ஜம்பரைச் சரியாக வைக்க வேண்டும். அதே கேபிளில் சிடி டிரைவ் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். டாஸில் ஓடும் எடைமேடைப் பெட்டிக்கும் எம்பிராய்டரி மெஷின் பெட்டிக்கும் சிஎஃப் (காம்பேக்ட் ஃபிளாஷ்) கார்டும் அதற்கான ஐடிஇ மாற்றியும் போதும். 4 ஜிபி கார்டே அவற்றுக்கு மிஞ்சிய இடம். பழைய லேப்டாப் ஐடிஇ தனி வகை: 44 ஊசி, ஊசிகளின் இடைவெளியும் நெருக்கம். டெஸ்க்டாப் மாற்றி அதில் சேராது.

லேப்டாப்பில் அகலமும் நீளமும் ஒன்றுதான், 2.5 அங்குல வகை. தடிமன்தான் மாறும். 2011 முதல் சில வருடங்கள் வந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் இடம். அதில் 7 மில்லிமீட்டர் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி உட்காரும். ஆட்டம் கொடுக்காமல் இருக்க எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்ய முடியாது: 7 மில்லிமீட்டர் இடத்தில் 9.5 நுழையாது. 2 டிபிக்கு மேலுள்ள 2.5 அங்குல டிஸ்க்குகள் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர், எந்த லேப்டாப்பிலும் சேராது. போர்ட்டபிள் டிஸ்க்கை உடைத்து லேப்டாப்பில் போடலாம் என்ற யோசனையும் வேண்டாம். டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) மை பாஸ்போர்ட் போன்றவற்றில் யுஎஸ்பி வாய் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாட்டா வாயே இருக்காது.

பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது அதைச் சுற்றியுள்ள தகரத் தொட்டிலையும், நுனியில் இணைப்புத் துண்டு இருந்தால் அதையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். டிஸ்க்கைச் சர்வீஸ் கடையில் கொடுக்கும்போது இவையும் சேர்ந்து போய்விடுகின்றன. பிறகு அந்த மாடலுக்கு அவை கிடைப்பது, டிஸ்க் கிடைப்பதைவிடக் கடினம்.

இப்போது ஜிபி

பழைய கணினிக்குக் கண்ணுக்கெட்டும் தூரம் என்று ஒன்று உண்டு. முதல் எல்லை 137 ஜிபி. 2002க்கு முந்தைய பல போர்டுகள் அதற்கு மேல் எண்ணத் தெரியாதவை. சர்வீஸ் பேக் எதுவும் போடாத முதல் எக்ஸ்பியும் அப்படியே. இதில் ஆபத்து என்னவென்றால், சில சமயம் டிஸ்க் முழுவதும் தெரிவதுபோல் காட்டிவிட்டு, 137 ஜிபியைத் தாண்டி எழுதும்போது தொடக்கத்தில் உள்ளதன்மேலேயே எழுதிவிடும். அத்தகைய பெட்டிக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி போதும், அதுவே பாதுகாப்பும்.

இரண்டாவது எல்லை 2.2 டிபி. பழைய எம்பிஆர் முறைப் பார்ட்டிஷன் அட்டவணையால் அதற்கு மேல் குறிக்க முடியாது. அதைத் தாண்ட ஜிபிடி அட்டவணை வேண்டும், அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆக, பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ வேண்டும். ஜி31, ஜி41 போர்டில் 4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 7இல் இரண்டாவது டிஸ்க்காக, வெறும் சேமிப்புக்காகப் போடலாம். அதிலிருந்து விண்டோஸைக் கிளப்ப முடியாது. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடியே தெரியாது. ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் பெரிய டிஸ்க்கைப் பார்த்து ஆசைப்படும் இடம் இது. பழைய சிஸ்டத்துக்கு 2 டிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2011 வாக்கிலிருந்து டிஸ்க்குகளின் உள் செக்டர் 512 பைட்டிலிருந்து 4096 பைட்டாக மாறியது. வெளியே 512 என்று சொல்லிக்கொண்டு உள்ளே 4096ஆக எழுதும். எக்ஸ்பி தன் முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில் தொடங்கும். அது எட்டின் மடங்கு இல்லாததால் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் டிஸ்க் இரண்டு வேலை செய்ய நேர்ந்து, புது டிஸ்க் பழையதைவிட மெதுவாகிவிடும். விண்டோஸ் 7 உள்ள கணினியிலோ ஜிபார்ட்டட் லைவ் சிடியிலோ பார்ட்டிஷனை முன்கூட்டியே பிரித்து வைத்து, அதன்மேல் எக்ஸ்பியைப் போட்டால் இந்தச் சிக்கல் வராது. எக்ஸ்பி சிடியில் ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது என்பதால் பயாஸில் சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

குளோன் செய்யப்போகிறீர்கள் என்றால் அளவு ஒப்பீடு முக்கியம். அரசு லேப்டாப்புகளில் தொடக்க காலத்தவற்றில் 320 ஜிபியும், பிறகு வந்தவற்றில் 500 ஜிபியும் இருந்தன. கடையில் எஸ்எஸ்டி 240, 480 என்று கிடைக்கும். 500இலிருந்து 480க்கு நேரடியாகக் குளோன் எடுக்க முயன்றால் குளோன்ஜில்லா இடம் போதவில்லை என்று நின்றுவிடும். டிஸ்க்கில் 100 ஜிபி மட்டுமே நிறைந்திருந்தாலும் நிற்கும். முதலில் பழைய பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள், விலை வித்தியாசம் சிறிது.

எஸ்எஸ்டியா, சுழலும் டிஸ்க்கா?

விண்டோஸ் 7, அதற்கு மேல், அல்லது லினக்ஸ் என்றால் ஓஎஸ்ஸுக்கு எஸ்எஸ்டி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சாட்டா 2 உள்ள லேப்டாப்பில் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்று சிலர் தடுப்பார்கள். பாதி வேகமே வந்தாலும், சிறு சிறு ஃபைல்களைத் தேடி எடுப்பதில் சுழலும் டிஸ்க் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. 2 ஜிபி ரேம் உள்ள அரசு லேப்டாப் இளமை திரும்பியதுபோல் எழும்பும். அதை 4 ஜிபியாக்கி, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போட்டால் படிப்புக்கு இன்னும் சில வருடம் தாங்கும். விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது. இந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் 11க்கு இடமும் இல்லை. எனவே புது டிஸ்க் மாட்டும் நாளே லினக்ஸுக்கு மாற நல்ல நாள்.

வாங்கும்போது “2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி” என்று முழுப் பெயரையும் சொல்லுங்கள். எஸ்எஸ்டி என்று மட்டும் சொன்னால் சூயிங்கம் பட்டை வடிவில் எம்.2 கொடுத்துவிடுவார்கள். அதற்கு உங்கள் மெஷினில் வாயே இருக்காது. டெஸ்க்டாப்பில் மாற்றி கார்டு போட்டு என்விஎம்இ எஸ்எஸ்டியைச் செருகினாலும் பழைய பயாஸ் அதிலிருந்து பூட் செய்யாது.

எக்ஸ்பிக்கும் சேமித்து வைப்பதற்கும் கணக்கு வேறு. அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை எக்ஸ்பிக்குத் தெரியாது. எஸ்எஸ்டி நாளடைவில் மந்தமாகும். சிறிய வேலைப் பெட்டிக்கு அது பொருட்டில்லை. ஆனால் ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண வீடியோக்களை எஸ்எஸ்டியில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டக் கூடாது. மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் எஸ்எஸ்டியின் செல்களில் உள்ள மின்னேற்றம் கசியும்; வெப்பம் அதை விரைவுபடுத்தும். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் மாடி அறை அலமாரி எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும். அலமாரிக்குச் சுழலும் டிஸ்க், அதுவும் இரண்டு பிரதி, இரண்டு வேறு இடங்களில். வெள்ளம் பார்த்த தெருவென்றால் இரண்டில் ஒரு பிரதியாவது மாடியில் இருக்கட்டும்.

கடையில்

“அதே கம்பெனிதான் வேணும்” என்று கேட்க வேண்டியதில்லை. கேட்டாலும் கிடைக்காது: சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழில் 2011 இறுதியில் சீகேட்டிடமும், ஹிட்டாச்சியுடையது 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடமும் போய்ச்சேர்ந்தன. இன்று செய்பவர்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூவர் மட்டுமே. நம் மடிக்கணினித் திட்டம் தொடங்கிய அடுத்த மாதம், 2011 அக்டோபரில், தாய்லாந்தில் சாவ் பிரயா ஆறு பெருகி வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலையை மூழ்கடித்தது. உலகம் முழுக்க டிஸ்க் விலை ஏறியது. அந்த வருட முடிவில் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சாதாரண டிஸ்க்குகள் பலவற்றின் வாரண்டியைக் குறைத்தன. சிலவற்றுக்கு ஒரு வருடம்தான் மிஞ்சியது. எனவே பெட்டியில் எத்தனை வருடம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அதைவிட, பில் போடும் முன் சீரியல் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் அடித்து, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து சுற்றி வந்த சரக்குக்கு இங்கே வாரண்டி கிடைக்காது. 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்க பில் இல்லாமல் வாங்குவது, வாரண்டியைத் தூக்கிப் போடுவதற்குச் சமம்.

டெஸ்க்டாப்புக்குச் சுழலும் டிஸ்க் வாங்கினால் சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்று கேளுங்கள். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்ததையும் திருப்பி எழுத வேண்டும், அதனால் நிறைய எழுதும்போது திணறும். எந்தெந்த மாடல் எஸ்எம்ஆர் என்பதை நிறுவனங்கள் 2020இல் எழுந்த கண்டனத்துக்குப் பிறகுதான் வெளிப்படையாகச் சொல்லின. சீகேட் பாரகுடா 1 டிபி, 7200 சுற்று டபிள்யூடி ப்ளூ 1 டிபி ஆகியவை சிஎம்ஆர். பாரகுடா 2 டிபி எஸ்எம்ஆர். அலமாரியில் வைக்க எஸ்எம்ஆர் போதும். ஓஎஸ் ஓட அது வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க்குகளில் பல, சிசிடிவி டிவிஆரிலிருந்து கழற்றியவை. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் என்று லேபிள் சொல்லும். கணினியில் அவை ஓடும், ஆனால் இரவு பகலாக வருடக்கணக்கில் ஓடியவை. வாங்கும் முன் கடையிலேயே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 8,760 மணி. அந்த எண்ணையும் பூஜ்யமாக்க முடியும். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் சீகேட்டின் சர்வர் டிஸ்க்குகள் அப்படித் திருத்தப்பட்டுப் புதியவை என்று விற்கப்பட்டது அம்பலமானது. சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்ற இன்னொரு குறிப்பேடு உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்பால் அதைப் படித்து, இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். மலிவாகக் கிடைக்கும் எஸ்ஏஎஸ் டிஸ்க்கை மட்டும் தொடாதீர்கள். பார்க்கச் சாட்டாபோலவே இருக்கும். நடுவில் இடைவெளி இல்லாத அதன் வாய் சாட்டா கேபிளில் சேராது.

மாட்டிய பிறகு

முதல் வேலை முழுப் பரப்புச் சோதனை. ஓஎஸ் போடுவதற்கு முன் விக்டோரியா என்ற சோதனைக் கருவியிலோ, லினக்ஸில் பேட்பிளாக்ஸிலோ ஓட விடுங்கள். 1 டிபி டிஸ்க்குக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். யுபிஎஸ் இல்லாத இடத்தில் இதைத் தொடங்க வேண்டாம். சோதனை முடிந்ததும் ஸ்மார்ட் குறிப்பைப் படம் பிடித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அது உதவும். குறை தெரிந்தால் பில்லோடு உடனே போங்கள், முதல் வாரத்தில் கடையிலேயே மாற்றித் தருவார்கள், பிறகு சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டிவரும்.

பழைய டிஸ்க்கை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடி, வராத ஃபைல் எதுவும் இல்லை என்று உறுதியாகும் வரை வீட்டிலேயே இருக்கட்டும். அதன் பிறகு ஓடும் நிலையில் இருந்தால் டிஸ்க் முழுவதையும் பூஜ்யத்தால் எழுதிவிட்டுக் கொடுக்கலாம். வெறும் குயிக் பார்மட் போட்டால் ஆதார் நகலும் கணக்கும் அப்படியே உள்ளே இருக்கும். ஓடாத டிஸ்க் என்றால் மூடியைத் திறந்து தட்டை வளைத்துவிட்டு மின்கழிவாகக் கொடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. அதைத் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு உடைக்க வேண்டும்.